டேஷ்போர்டுக்கு உள்ளே இருந்த குழாய்

பழைய கார்களில் ஹீட்டர் குழாய் மாட்டுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ரப்பரின் உள்பக்கம் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தடவி, மெல்லத் திருகித் தள்ளினால் தானாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். கிளிப்பை முறுக்கும்போது மட்டும் அவசரப்படக் கூடாது. கூடுதலாக முறுக்கினால் ரப்பர் வெட்டுப்படும், குறைத்தால் ஒழுகும். நீங்கள் கேட்டதற்கு நேரான பதில் இதுவல்ல என்று தெரியும். எதையும் முதலிலிருந்து சொல்லித்தான் எனக்குப் பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வண்டி மாப்பிள்ளையுடையது. அதற்கு ஏறக்குறைய என் வயது. யாரோ கொட்டகையில் போட்டு வைத்திருந்ததை வாங்கி என் பட்டறைக்கே இழுத்து வந்தார். நல்ல பையன், அதை மறைக்க மாட்டேன். கிரீஸ் கையைக் கழுவாமலே டீ குடிக்கிற அளவுக்கு வண்டிப் பைத்தியம். "மாமா, மாமா" என்று என்னையே சுற்றிச் சுற்றி வருவார். அவர் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

என் மகளைப் பூனை என்றுதான் கூப்பிடுவேன். சூடு எங்கே இருக்கிறதோ அங்கே போய்ச் சுருண்டுகொள்வாள். அவள் அம்மா போனபோது இவளுக்குப் பேச்சுகூடத் திருந்தவில்லை. பட்டறையில், வெல்டிங் மெஷினுக்கும் பெஞ்சுக்கும் நடுவில்தான் வளர்ந்தாள். தலை பின்ன நானே கற்றுக்கொண்டேன். நான் பின்னிய அழகைப் பார்த்து ஒரு பள்ளிக்கூடமே சிரித்தது, அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு மறுநாளும் என் முன்னால்தான் வந்து உட்கார்ந்தாள். அவளை உள்ளங்கையில் வைத்துத் தாங்கினேன் என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கல்யாணத்துக்குப் பிறகும் பக்கத்துத் தெருவில்தான் குடியிருந்தாள். சாயங்காலம் என்னோடு சாப்பிட்டுவிட்டுத்தான் போவாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

பிறகு மாப்பிள்ளைக்கு மலைக்கு அந்தப் பக்கம் வேலை கிடைத்தது.

"நீங்களும் எங்களோட வந்துடுங்கப்பா," என்றாள் பூனை. "இங்க தனியா உக்காந்து என்ன பண்ணப் போறீங்க?"

"பட்டறைய யாரு பாக்குறது?"

"மூடிடுங்க. உழைச்சது போதும்."

இதைச் சொல்லும்போது அவள் துணிகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கை ஒரு கணம்கூட நிற்கவில்லை. அதுதான் எனக்கு வலித்தது. நான் வரமாட்டேன் என்று தெரிந்துகொண்டு ஒப்புக்குக் கூப்பிடுகிறாள் என்று அன்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

வண்டியில் ஹீட்டர் வேலை மட்டும் பாக்கி இருந்தது. அது எப்படி இயங்கும் என்று சொல்லிவிடுகிறேன். இன்ஜினில் கொதிக்கிற தண்ணீர் ரப்பர் குழாய் வழியாக உள்ளே வரும். ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்காருகிறவரின் காலடிக்கு மேலே, டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி. தண்ணீர் அதற்குள் சுற்றும், கார் கதகதப்பாகும். வால்வைத் திறந்தால்தான் தண்ணீர் வரும். வால்விலிருந்து பெட்டிக்குப் போவது ஒரு சின்னத் துண்டுக் குழாய். காருக்கு உள்ளே இருக்கிற ரப்பர் அது ஒன்றுதான்.

பானட்டைத் திறந்தால் தெரிகிற குழாய்களையெல்லாம் புதிதாக மாட்டினேன். மாப்பிள்ளை விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். "புது வண்டி கெட்டுது போங்க மாமா," என்று பூரித்துப்போனார். அவர் சாப்பிடப் போனதும் டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து அந்தத் துண்டுக் குழாயைக் கழற்றினேன். அழுத்தினால் விரிசல் விடுகிற பதத்தில் இருந்தது. துடைத்துக் கறுப்புப் பாலிஷ் தடவினேன். மறுபடியும் அதையே மாட்டினேன்.

ஓட்டிப் பார்க்காமல் எந்த வண்டியையும் என் பட்டறையிலிருந்து வெளியே விட்டதில்லை. இதையும் ஓட்டிப் பார்த்தேன், வால்வை மூடிவைத்துக்கொண்டு. ஒரு சொட்டு ஒழுகவில்லை. அதாவது, வண்டி என் கையை விட்டுப் போகும்போது நன்றாகத்தான் இருந்தது.

கிளம்பும்போது மாப்பிள்ளை, "மேல போகப் போகக் குளிருமே மாமா, ஹீட்டர் போடலாமா?" என்று கேட்டார்.

"ஏத்தம் பாதி தாண்டட்டும். இன்ஜின் நல்லாச் சூடானதும் திறந்து விடுங்க," என்றேன். பூனையிடம், "ஷூவக் கழட்டிட்டு காலை அந்தப் பெட்டிக்குப் பக்கத்துல வச்சுக்கோம்மா, இதமா இருக்கும்," என்றேன்.

அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அது நடிப்பு இல்லை.

மலையில் நடந்ததை மாப்பிள்ளை உங்களிடம் சொல்லியிருப்பார். குழாய் வெடித்து ஆவியில் முன்கண்ணாடி மறைந்த பிறகும் வண்டியைப் பள்ளத்தில் விடாமல் ஓரம் கட்டிவிட்டார். கெட்டிக்காரர். அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. பூனை உட்கார்ந்திருந்த பக்கத்துக் கதவு உள்ளிருந்து சட்டென்று திறக்காது. அதைச் சரிசெய்ய எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்கிய, இந்த வண்டிக்கென்று வாங்கிய புதுத் துண்டுக் குழாயைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்திருக்கிறீர்கள். அதைக் குப்பையில் போட்டிருந்தால் நாம் இருவரும் இப்படி எதிரெதிரே உட்கார்ந்திருக்க மாட்டோம். ஆனால் நல்ல சாமானைத் தூக்கி எறிய எனக்கு மனசு வராது. வேறு எந்த வண்டிக்காவது ஆகும் என்று மாட்டி வைத்தேன்.

ஆமாம், தெரிந்தேதான் செய்தேன். மாப்பிள்ளைக்கு வைத்த குறி தவறி மகள் மேல் விழுந்துவிட்டது என்று உங்கள் ஸ்டேஷன் எழுத்தர் எழுதியிருக்கிறார். அதை அடித்துவிடச் சொல்லுங்கள். என் வேலையில் குறி தவறாது. அவருக்கு நான் ஏன் கெடுதல் நினைக்க வேண்டும்? என்னை விட்டுப் போகக் கிளம்பியது அவரா?

கொஞ்சம் தோல் வழன்றுபோகும், கட்டுப் போட்டு வீட்டோடு கிடப்பாள், அதற்குள் அந்த வேலை வேறு யாருக்காவது போய்விடும், இவ்வளவுதான் நான் நினைத்தது. இனிமேல் அவளால் தனியாக நடக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். அன்று முழுக்க நான் எதுவும் சாப்பிடவில்லை.

"அப்பா வந்தா உள்ள விடாதீங்க" என்று நர்ஸிடம் சொன்னாளாம். வலியில் இருக்கிற பிள்ளை என்னவெல்லாமோ சொல்லும், அதை நான் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. அவளுடைய பழைய அறையைக் கூட்டித் துடைத்துப் படுக்கை விரித்து வைத்துவிட்டுத்தான் உங்களோடு வந்தேன். ஒரே ஒரு உதவி செய்யுங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து அவளை என்றைக்கு அனுப்புகிறார்கள் என்று கேட்டு, அன்றைக்கு மட்டும் என்னை வெளியே விடுங்கள். என் வீட்டு வாசலில் படிகள் செங்குத்து. அவளைத் தூக்கிக்கொண்டு ஏற என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?