பாக்கி நின்ற ஃபைனல்

எங்கள் கல்லூரி மைதானத்தில் புல் கிடையாது. வெறும் செம்மண், அதில் எங்கிருந்தோ வந்து விழுகிற சீமைக்கருவேல முள். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் பையன்களை வரிசையாக நிறுத்தி முள் பொறுக்க வைப்பேன். நானும் கூடவே குனிந்து பொறுக்குவேன். என் கவனக்குறைவால் ஒரு பையன் காலில் முள் குத்தியது என்று யாரும் சொல்ல முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் மூன்று பேரும் என்னைப் பார்க்கிற பார்வை சரியில்லை.

பெயர் நல்லகாமன். இந்தக் கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர். நீங்கள் போட்டுக் காட்டிய பதிவில் பேசுவது நான்தான், அதை மறுக்க வரவில்லை. விலை குறைந்த போன்களில் பேசுவதெல்லாம் தானாகப் பதிவாகும் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அதையேதான் பேசியிருப்பேன். விசாரணைக் கமிட்டி என்று கூப்பிட்டீர்கள், வந்துவிட்டேன். நடந்ததை நடந்தபடி கேளுங்கள், பிறகு நீங்களே ஒத்துக்கொள்வீர்கள்.

முதல் ஊரடங்குக்கு முந்தின வாரம் பல்கலைக்கழகக் கோப்பையின் அரையிறுதியில் ஜெயித்தோம். என் சர்வீஸில் ஒரு டீம் ஃபைனலுக்குப் போனது அதுதான் முதல் தடவை. அப்புறம் ஊரையே இழுத்துப் பூட்டினார்கள். பையன்கள் ஆளுக்கொரு திக்காய்ப் போனார்கள். கோல்கீப்பர் கோரிப்பாளையத்தில் ஒரு மெக்கானிக் கடையில் பைக் கழுவிக்கொண்டிருந்தான். அந்தக் கையைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. மறுவருடம் கோடையில், பாக்கி நின்ற ஃபைனலை மட்டும் பார்வையாளர்கள் இல்லாமல் நடத்தித் தருகிறோம் என்று பல்கலைக்கழகத்தில் சொன்னார்கள். ஒரே நிபந்தனை. டெஸ்ட் எடுத்த பிறகு டீம் மொத்தமும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். நடுவில் வெளியே போனவன் போனவன்தான், ஆட முடியாது.

கீழக்குயில்குடியில் தெரிந்தவருடைய கல்யாண மண்டபம் சும்மா கிடந்தது. அங்கே கேம்ப் போட்டேன். காலையில் சமணர் மலை அடிவாரம் வரை ஓட்டம், சாயங்காலம் வற்றிப்போன கண்மாய்க்குள் பிராக்டிஸ். சமையல்காரர் நோய்க்குப் பயந்து வரவில்லை என்றதும் நானே சமைத்தேன். பெற்ற பிள்ளைக்குக்கூட நான் ஒருநாள் தோசை சுட்டதில்லை. போன்களை எல்லாம் வாங்கி ஒரு மஞ்சப்பையில் போட்டு என் அறை ஆணியில் மாட்டினேன். அப்போது போனைத் திறந்தாலே சாவுச் செய்தி. பையன் அதைப் பார்ப்பானா, பந்தைப் பார்ப்பானா?

சிவபாண்டி எங்கள் சென்டர் ஃபார்வர்டு. இடது கால் ஆட்டக்காரன். அவன் அப்பா கண்ணுச்சாமி மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். மனைவி இல்லை. மகள் முத்துமீனாவைக் கட்டிக் கொடுத்துவிட்டார், அவள் அப்போது நிறைமாதம். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் சிவபாண்டி. மிதிக்க வைத்தவன் நான். முதல்வர் அறை வாசலில் கால் கடுக்க நின்று ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட்டு வாங்கிக் கொடுத்தேன். அதையும் உங்கள் ரிப்போர்ட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

செவ்வாய்க்கிழமை பைக்குள் அவன் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன்.

"சார், சிவபாண்டி அப்பா பேசுறேன். லேசா மூச்சு முட்டுச்சு, ஆஸ்பத்திரியில சேத்துருக்காக. அவன்கிட்டச் சொல்லிறாதீக சார். ஆட்டம் முடியட்டும்."

"நீ ஒடம்பப் பாருய்யா. அவன நான் பாத்துக்கிறேன்."

இதில் என்ன தப்பு? அவரே சொல்ல வேண்டாம் என்றார், நான் சொல்லவில்லை. ராத்திரி சாப்பாட்டில் சிவபாண்டி கேட்டான், "வீட்டுலருந்து யாராச்சும் பேசுனாகளா சார்?" "ஒங்கப்பா பேசுனார்டா, நல்லா ஆடச் சொன்னார்," என்றேன். பையன் முகம் மலர்ந்துபோய் இன்னொரு கரண்டி சோறு வாங்கிச் சாப்பிட்டான்.

புதன்கிழமை முத்துமீனா பேசினாள்.

"சார், அப்பாவுக்கு ஆக்சிஜன் வச்சுட்டாக. நான் மாசமா இருக்கேன்னு என்னைய உள்ள விட மாட்டேங்குறாக. தம்பிய அனுப்பி வைங்க சார், ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"இந்தா, இப்பவே அனுப்புறேம்மா."

சும்மா சொன்னேன். அழுகிற பெண்ணிடம் வேறு என்ன சொல்வது. அந்த நாளில் ஒவ்வொரு கட்டிலுக்குப் பக்கத்திலும் வீட்டு ஆள் ஒருவர் நின்றார், நீங்களும் பார்த்திருப்பீர்கள். குப்புறப் படுக்க வைக்க, கஞ்சி ஊட்ட, மாஸ்க் நழுவினால் எடுத்து மாட்ட. மருமகன் உள்ளே போய் வந்தால் நிறைமாதக்காரிக்குத் தொற்றிவிடும், கண்ணுச்சாமிக்கு அப்படி நிற்க மகனை விட்டால் நாதியில்லை. அது எனக்கும் தெரிந்துதான் இருந்தது. போனைப் பைக்குள் போட்டுவிட்டு ரசத்துக்குத் தாளிக்கப் போனேன்.

வியாழக்கிழமை மத்தியானம் அவரே பேசினார். நீங்கள் போட்டுக் காட்டியது அதைத்தான்.

"சார், ஒரு எட்டு வந்துட்டுப் போகச் சொல்லுங்க சார். உள்ள வர வேணாம். சன்னல்கிட்ட வந்து நின்னாப் போதும், நான் பாத்துக்கிருவேன்."

"சொல்லிட்டேன்யா. வர மாட்டேங்குறான்."

அவர் மூச்சு இழுக்கிற சத்தம் போனில் கேட்டது.

"ஏஞ் சார்?"

"தொத்திக்கிரும்னு பயப்படுறான். கழுத்தப் பிடிச்சா தள்ள முடியும்?"

"சின்னப்புள்ளயிலருந்தே பயந்தாங்கொள்ளி சார் அவன். வய்யாதீக. அப்பாவே வர வேணாம்னு சொல்லிட்டாருன்னு சொல்லிருங்க. இல்லாட்டி பெறகு மனசு கஷ்டப்படுவான்."

"சரிய்யா."

நான் குரலை உயர்த்தவில்லை, கவனித்திருப்பீர்கள். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அவர் மறுபடி மறுபடி கூப்பிட்டுக்கொண்டே இருந்திருப்பார். இப்படிச் சொன்னதும் கூப்பிடவில்லை. முத்துமீனா பேசியபோதும் அதையே சொன்னேன். இரண்டு பேருக்கும் ஒரே பதிலாக இருப்பதுதானே முறை.

அதற்குப் பிறகு அவர் கஞ்சி குடிக்கவில்லை, மாட்டிய மாஸ்க்கைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டார் என்று பக்கத்துக் கட்டில்காரர்கள் சாட்சி சொன்னதாகச் சொல்கிறீர்கள். நுரையீரல் ஏற்கெனவே பாதிக்கு மேல் போய்விட்டது என்று டாக்டர் எழுதியிருக்கிறார். நான் டாக்டர் பேச்சைத்தான் எடுத்துக்கொள்வேன். நாமெல்லாம் படித்தவர்கள்.

சனிக்கிழமை காலையில் போய்விட்டார். பிளாஸ்டிக்கில் சுற்றித் தத்தனேரிச் சுடுகாட்டில் வைத்து எரித்துவிட்டார்கள். கொள்ளி வைக்க மகன் இல்லை. மருமகன் வாசல் கேட்டுக்கு வெளியே நின்று கும்பிட்டாராம். எனக்கு முத்துமீனா போனில் சொன்னாள். வாயில் வந்தபடி தம்பியைத் திட்டினாள். நான் குறுக்கே பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போலீஸ்காரர் ஒருவர் வந்து மண்டபத்தைக் காலி பண்ணச் சொன்னார். "என்ன சார் கேம்ப்பு? அதான் எல்லாத்தையும் நிப்பாட்டியாச்சே," என்றார். ஃபைனல் கிடையாது என்று பையன்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர்கள் பெட்டி கட்டும்போது சிவபாண்டியைத் தனியே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். தரையில் உட்கார்ந்துவிட்டான். "அப்பா என்னையத் தேடுனாரா சார்?" என்று கேட்டான்.

"இல்லடா. வர வேணாம்னுதான் சொன்னார்."

இது கண்ணுச்சாமி என்னிடம் கேட்டுக்கொண்ட வார்த்தை. அதை அப்படியே காப்பாற்றினேன்.

முத்துமீனா தம்பியை வீட்டுப் படி ஏற விடவில்லை. அப்பா வர வேண்டாம் என்றார் என்று அவன் சொல்ல, பொய் வேறு சொல்கிறாயா என்று வாசல் பெருக்குகிற வாரியலை எடுத்தாளாம். பிள்ளை பிறந்ததற்குக்கூட அவனைக் கூப்பிடவில்லை. தாத்தாவின் போட்டோவைப் பிள்ளைக்குக் காட்டலாமே என்று அவருடைய பழைய போனுக்குச் சார்ஜ் போட்டபோதுதான் என் குரலைக் கேட்டிருக்கிறாள்.

போன வாரம் சிவபாண்டி என் வீட்டுக்கு வந்தான். ஜெர்சியைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்திருந்தான். சட்டையைப் பிடிப்பான் என்றுதான் நினைத்தேன். பிடிக்கவில்லை.

"எங்கப்பாவ எரிச்சுக்கிட்டு இருந்தப்ப நான் கண்மாய்க்குள்ள சிரிச்சுக்கிட்டு பந்து ஒதைச்சுக்கிட்டு இருந்திருக்கேன் சார். அவரு என்னையப் பயந்தாங்கொள்ளின்னு நெனச்சுக்கிட்டே செத்துருக்காரு. ஒரு மேட்ச்சுக்காகவா சார்?"

ஆமாம் என்றேன். அவன் போய்விட்டான். இப்போது பந்தைத் தொடுவதில்லை என்கிறார்கள். அந்த இடது காலை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

ஒன்று மட்டும் நீங்கள் இன்னும் கேட்கவில்லை. நாளைக்குப் பல்கலைக்கழகத்தில் விசாரித்தால் தெரிந்துவிடும், அதனால் நானே சொல்கிறேன். ஃபைனல் ரத்து என்று எனக்குத் தகவல் வந்தது ஞாயிற்றுக்கிழமை இல்லை. வியாழக்கிழமை காலையில். கோப்பையே கிடையாது, இனி நடத்தவும் மாட்டோம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். பையன்கள் மலையிலிருந்து பாட்டுப் பாடிக்கொண்டே ஓடி வந்தார்கள். கண்ணுச்சாமி பேசியது அதற்குப் பிறகு, மத்தியானம்.

அப்புறம் எந்த மேட்ச்சுக்காக அவனைப் பிடித்து வைத்தாய் என்று கேட்பீர்கள். அவனை அனுப்பினால் மற்றவர்கள் ஏன் என்று கேட்பார்கள். ஒவ்வொருவனாகக் கிளம்புவான், டீம் கலைந்துபோகும். இத்தனை வருடத்தில் என் பையன்கள் அப்படி ஆடி நான் பார்த்ததே இல்லை. இன்னும் இரண்டு மூன்று நாள் போகட்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் பிராக்டிஸ் ரொம்ப நன்றாக நடந்தது. கோல்கீப்பருக்கு ஓய்வு கொடுத்துவிட்டு நானே கோலில் நின்றேன். சிவபாண்டி அடித்த பந்து ஒன்றைக்கூட என்னால் தடுக்க முடியவில்லை. ஒவ்வொன்று உள்ளே போகும்போதும் அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.