கோலில் நின்றவன்

மூவார் ஆற்றைக் கடக்கும் படகில் எனக்கு முன்னால் இருவர் நின்றார்கள். ஒருவர் துணிக்கடை பாய். மற்றவர் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும், வெள்ளைக் கோட்டுப் போட்ட கிராணி.

“காலேஜ் பசங்க இந்த வருசம் ஆடின அத்தனை பந்தாட்டமும் தோத்துட்டாங்க, கிராணி. நேத்து மட்டும் ஒம்பது கோல்! கோல்ல நிக்கிறவன் நம்ம தமிழ்ப் பையனாமே. உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாதுங்க, பாய்.”

“அலமாக்!” என்று மலாய்க்காரர்களைப் போல் அலுத்துக்கொண்டார் பாய். “சல்லடையை நிறுத்தி வச்சாக்கூட நாலு பந்து நிக்கும் லா!”

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். கிராணியும் சிரித்தார்.

“ஆனா ஒண்ணு,” என்றார் பாய். “மத்தவனெல்லாம் சோர்ந்து நின்னுட்டான். இவன் மட்டும் மூக்குல ரத்தம் வடிய, கடைசி வரைக்கும் விழுந்து விழுந்து பிடிக்கப் பாத்தான். முடிஞ்சதும் கூட்டத்துல யாரையோ தேடிக்கிட்டு நின்னான்.”

கிராணியின் சிரிப்பு நின்றது. “ரத்தமா?”

“சட்டையெல்லாம்.”

படகு கரை தட்டியது. எல்லோரும் இறங்கினோம். கிராணி மட்டும் அசையவில்லை.

“என்ன கிராணி, இறங்கலையா?”

“அவன் என் மவன், பாய். நேத்து வரேன்னு சொல்லிட்டு, வெக்கப்பட்டுப் போகலை. இப்ப உங்ககிட்ட தெரியாதுன்னும் சொல்லிட்டேன்.”

பாய் தலை குனிந்துகொண்டார்.

“காலேஜ் அந்தக் கரையிலதானே இருக்கு. நான் இதே படகுல திரும்பிப் போறேன்,” என்றார் கிராணி.