புதுசுதான் அண்ணி

திருகாணியைப் பார்த்தாலே போதும், சார். புது மெஷினில் திருகாணித் தலை வழவழவென்று இருக்கும். ஒருமுறை கழற்றி மாட்டினாலும் பள்ளத்தின் ஓரம் மழுங்கிவிடும். பெட்டி, பாலித்தீன் உறை, ஸ்டிக்கர் எல்லாம் புதிதாகப் போட்டுவிடுவார்கள். திருகாணியை யாரும் மாற்றுவதில்லை.

எலெக்ட்ரானிக் சாமான்களைப் பழுது பார்ப்பது என் தொழில். அதனால்தான் அண்ணனுடைய சுவாச மெஷின் கெட்டு, கம்பெனிக்காரர்கள் வேறொன்று அனுப்பியபோது, அண்ணி என்னைப் பார்க்கச் சொன்னார். அண்ணனுக்குக் கழுத்துக்குக் கீழே அசைவில்லை, பேச்சும் இல்லை. மெஷின் நின்றால் மூச்சு நின்றுவிடும். கரண்ட் போனால் உள்ளே இருக்கும் பேட்டரிதான் கதி.

"தம்பி, புதுசுதானா? பழசத் தலையில கட்டிட்டாங்களா? உங்களுக்குத் தெரியாததா."

திருகாணி மழுங்கியிருந்தது. மெஷினின் முதுகில் ஒட்டியிருந்த வரிசை எண்ணும் திரையில் வந்த எண்ணும் வேறு வேறு. பேட்டரி உப்பியிருந்தது, கரண்ட் போனால் சில நிமிஷம்கூடத் தாங்காது. யாரோ பயன்படுத்திக் கழித்ததைத் துடைத்து அனுப்பியிருந்தார்கள்.

"புதுசுதான் அண்ணி," என்றேன். "நிம்மதியா வேலைக்குப் போயிட்டு வாங்க."

ஏன் என்று கேட்கிறீர்கள். அண்ணன் படுத்ததிலிருந்து நான் அந்த அறையை விட்டு நகர்ந்ததில்லை. சளி உறிஞ்சுவது, புரட்டிப் படுக்க வைப்பது, மலம் அள்ளுவது எல்லாம் என் பாடு. பட்டறையையும் கட்டிலுக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டேன். எனக்குப் பேசி முடித்த பெண் வாசலில் நின்று பார்த்துவிட்டு அப்படியே போய்விட்டாள். அவளைக் குறை சொல்லவில்லை. அந்த அறைக்கு ஒரே ஜன்னல். அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தது.

நான் ஒரு பொய் சொன்னேன், அவ்வளவுதான். பழையதைப் புதிதென்று அனுப்பியது அவர்கள்தானே? மற்றது தானாக நடக்கும் என்று காத்திருந்தேன். ஆனால் அந்தத் தெருவில் கரண்ட் போகவே இல்லை, சார். நானும் எத்தனை நாள்தான் பார்ப்பேன்.

அன்று மத்தியானம், அண்ணி கிளம்பிய பிறகு, மெயின் சுவிட்சை இறக்கினேன். மெஷின் கொஞ்சம் கத்திவிட்டு அடங்கியது. அண்ணன் என்மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன். அவரைத் தனியாக விடவில்லை.

இமையால்தான் எங்களுக்குள் பேச்சு. ஒருமுறை கொட்டினால் சரி, இரண்டுமுறை கொட்டினால் வேண்டாம். அன்று அவர் கொட்டிக்கொண்டே இருந்தார், சார். அதை நான் சரி என்றுதான் எடுத்துக்கொண்டேன்.