போஸ்ட்டோடு ஒட்டி

இல்ல மேடம், வேட் கொலைகாரன் இல்ல. தள்ளினான், அத நான் மறுக்கல. தள்ளாத டிஃபென்ஸ்காரன எங்க டீம்ல வச்சுக்க மாட்டாங்க. பனி மேல அந்த வேகத்துல வர்றவன முதுகுல தொட்டாலே போதும், போய் விழுவான். லைல் செத்ததுக்கு வேட்ட உள்ள வச்சிருக்கீங்க. அதுக்குத்தான் நான் வந்தேன். எழுதிக்கங்க.

நீங்க கடலோரத்துலேர்ந்து மாத்தலாகி வந்தவங்க, ஐஸ் ஹாக்கி பாத்திருப்பீங்களோ என்னமோ. டிவிலயா? சரி. கோல்கீப்பர் ஒரு முழங்கால மடக்கிப் போட்டு, பல்லி மாதிரி கோல் போஸ்ட்டோட ஒட்டிக்கிறதப் பாத்திருப்பீங்க. வலைக்குப் பின்னாலேர்ந்து எவனாவது பக்க, அதான் அந்தக் கறுப்பு வட்ட, கொண்டாந்தா அப்பிடித்தான் அடைக்கணும். கால்ல இருக்கற ஸ்கேட்ட போஸ்ட் இரும்புல முட்டுக்குடுத்து, இடுப்பு, தோளு, தல எல்லாத்தையும் அதுமேல சாய்ச்சுடணும். சந்தே இருக்கக் கூடாது. ஒரே கஷ்டம், தல அங்கயே நிக்கும். எடுத்தா கோலு.

எங்க கோல்கீப்பர் நான்தான், எதிர் டீம் லைலுக்கு அது தெரியும். போஸ்ட்டுக்கும் என் காதுக்கும் நடுவுலதான் அடிப்பான். என் மண்டைல பட்டு உள்ள போனா அவனுக்கு ரெட்ட சந்தோஷம். ஞாயித்துக்கிழம மத்தியானம் முதல் பத்து நிமிஷத்துலயே ரெண்டு தடவ. ரெண்டாவதுல முகக்கூண்டு வளஞ்சு புருவம் கிழிஞ்சுது. இதோ, ஒம்பது தையல். கண்ணுக்குள்ள ரத்தம் எறங்குது, அவன் குனிஞ்சு, கதவத் தட்டினேனே ஓரெஸ்ட், வீட்ல யாருமில்லியாங்கிறான். மட்டையத் திருப்பி அவன் கணுக்கால்ல போட்டேன். வேட் நடுவுல வந்தான், வாய்ல ஒண்ணு வாங்கினான். ரெண்டு பல்லத் துப்பி, பெஞ்சுல வச்சுட்டு திரும்ப ஆட வந்தான். ஆமா, அரங்கமே எழுந்து கத்திச்சு. லைலோட பொண்டாட்டியும் இருந்தா.

கடைசியா நடந்தது இதான். பக் எடது பக்கம், நான் எடது போஸ்ட்டோட ஒட்டிக்கிட்டேன். லைல் வலது போஸ்ட்டுக்கு ஓடி வர்றான், வேட் முதுகுல தள்ளுறான். லைல் தல முன்னால வழுக்கிட்டு வந்து வலது போஸ்ட்ல மோதினான். என் தல இந்தக் கோடி எடது போஸ்ட்ல இருந்துது இல்லியா, சத்தம் இரும்பு வழியா எனக்குள்ள வந்துது. கழுத்துச் சத்தம். உங்களுக்கு எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல.

வீடியோவ எத்தன தடவ பாத்தீங்க? எல்லாரும் வேட் கையத்தான் பாக்கறீங்க. வலையப் பாருங்க மேடம். அது நகரல.

நகரணும். போஸ்ட்டு, வலை எல்லாம் சேந்து பனில சொருகின ரப்பர் முளை மேலதான் நிக்கும், ஆள் மோதினா பிச்சுக்கிட்டுப் போயிடணும். அதுக்குத்தான் ரப்பர். ஆனா என்ன மாதிரி சாஞ்சு ஆடறவனுக்கு அது பெரிய தொல்ல. போன வாரம் நான் சாஞ்சதும் வலை வழுக்கி, பக் என் தோளுக்குப் பின்னால உள்ள போச்சு. நடுவர் கோல்னுட்டார். தோத்தோம், ஊரே சிரிச்சுது.

பனி வழிக்கிற மெஷின் ஓட்டறது நான்தான், அரங்கத்துச் சாவி எங்கிட்ட இருக்கும். ஞாயித்துக்கிழம காலைல ரப்பர எடுத்துட்டு, கட்டடக் கம்பி நாலு துண்டு அடிச்சேன், முக்கா அடி ஆழம். ரெண்டு வலைக்கும்தான். ஆட்டத்துல ஒரு பீரியட் முடிஞ்சா பக்கம் மாறுவோம்ல.

வேட்டுக்கு ஒண்ணும் தெரியாது. யாருக்குமே தெரியாது. லைல ஆம்புலன்ஸ்ல ஏத்தினப்பறம் கம்பியப் பிடுங்கிடலாம்னு பாத்தேன். வரல.