உத்திரத்துக்கு ஒரு கும்பிடு

இன்று உங்கள் முன்னால் உட்கார வேண்டும் என்பதால் நேற்று முடி வெட்டிக்கொண்டேன். என் தலையில் வெட்டுவதற்கு அதிகம் இல்லை என்பது உங்களுக்கே தெரிகிறது. "உன் தலைல முடியத் தேடறதுக்கே தனியா ஒரு ஆள் வைக்கணும்டா டெட்சு" என்று தொகாஷி அண்ணன் எப்போதும் கிண்டல் செய்வார். எங்கள் ஊரில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர். என்னைப் பற்றி உங்களிடம் நாலு வார்த்தை சொல்வதற்காக என்னோடு வந்திருக்கிறார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

அடுத்த தடவை கடல் ஊருக்குள் வந்தால் இடிபாடுகளை யார் அள்ளுவது என்று நகராட்சியில் நீங்கள் இப்போதே முடிவு செய்துவைப்பது நல்ல ஏற்பாடு. இயந்திரங்கள், ஓட்டுநர் உரிமங்கள், ஆஸ்பெஸ்டாஸ் அகற்றும் பயிற்சி எல்லாவற்றையும் பார்த்துவிட்டீர்கள். கடைசியாக, இடிபாட்டில் உடல் அகப்பட்டால் எப்படி நடந்துகொள்வீர்கள், அதில் அனுபவம் உண்டா என்று கேட்டீர்கள். உண்டு. முழுதாகவே சொல்லிவிடுகிறேன்.

போன தடவை இப்படி முன்னேற்பாடு எதுவும் இல்லை. கடல் திரும்பிப் போன பிறகுதான் நகராட்சி ஒப்பந்தக்காரர்களைத் தேடியது. என்னிடம் இருந்தவை இரண்டு பழைய பொக்லைன்கள். எதிரே தலைநகரத்திலிருந்து வந்த பெரிய நிறுவனம், வரிசையாகப் புத்தம்புது வண்டிகளோடு நின்றது. ஆளுக்கொரு தெருவைக் கொடுத்து, சொன்ன நாளுக்குள் ஒழுங்காகச் சுத்தம் செய்து காட்டுபவருக்கே முழு ஊரும் என்றார்கள். எனக்குக் கிடைத்தது தொகாஷி அண்ணன் கடை இருந்த தெரு.

அந்த வேலை எனக்கு வந்தே ஆக வேண்டும் என்று இருந்தது. என் ஆட்களில் வீடு மிஞ்சியவர் யாரும் இல்லை. அதைவிட, வெளியூர்க்காரன் நம் ஊரை வெறும் குப்பையாகத்தான் அள்ளுவான் என்று நினைத்தேன். அவனுக்கு எது யார் வீட்டுக் கதவு என்று தெரியுமா?

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் இருக்கிறது, உங்களுக்கும் தெரிந்திருக்கும். உடல் கண்ணில் பட்டால் ஓட்டுநர் இயந்திரத்தை அணைத்துவிட்டு இறங்குவார், தலைக்கவசத்தைக் கழற்றிக் கைகூப்புவார். அதைப் பார்த்ததும் பக்கத்து வண்டிகளும் அணைந்துவிடும். தெருவே அமைதியாகும். பிறகு போலீஸ் வரும், கயிறு கட்டும், அந்தத் தெருவில் அன்றைக்கு மட்டுமல்ல, அதற்குப் பிறகும் சில நாட்களுக்கு வேலை நடக்காது. நல்ல வழக்கம்தான். நான் குறை சொல்லவில்லை.

கெடு முடிகிற நாள். ஈரப்பனி விழுந்துகொண்டிருந்தது. கடையின் கூரையைக் கவ்வித் தூக்கியபோது கீழே ஒரு வெள்ளைச் சட்டைக் கை தெரிந்தது. மணிக்கட்டுப் பட்டியில் நீல நூலால் 'மிசாவோ' என்று தைத்திருந்தது. தொகாஷி அண்ணனின் மனைவி. கடையில் சவரம் செய்வது அவர்தான். எத்தனையோ வருடங்களாக அந்தக் கைதான் என் காதை மடக்கிப் பிடித்துப் பின்கழுத்தைச் சிரைத்தது. "ஆடாத டெட்சு, காது போயிட்டா கண்ணாடிய எதுல மாட்டுவ?" என்பார். கைக்கு மேலே இருந்தவற்றைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இயந்திரத்தை அணைத்தால் தெரு நின்றுவிடும். தெரு நின்றால் ஊர் அந்த நிறுவனத்துக்குப் போய்விடும். சாவியில் கை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். என்னால் திருப்ப முடியவில்லை. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க, இருக்கையில் இருந்தபடியே தலைக்கவசத்தைக் கழற்றிக் கும்பிட்டேன். பிறகு பலகைகளோடு சேர்த்து அள்ளி லாரியில் போட்டேன். மெதுவாகத்தான் போட்டேன்.

வேலை நடக்கும் இடத்தைச் சுற்றி நாங்கள் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் தொகாஷி அண்ணன் நின்றிருந்தார். மனைவியைத் தேடி அன்றாடம் வந்து நிற்பார். அவர் நின்ற இடத்திலிருந்து என்னை மட்டுமே பார்க்க முடியும், கூரைக்கு அடியில் இருந்ததைப் பார்க்க முடியாது.

"என்னப்பா டெட்சு, எதப் பாத்துக் கும்பிட்ட?" என்று கத்தினார்.

"ஒண்ணுமில்லண்ணே. உங்க கடை உத்திரம். எத்தன வருசம் அதப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன்."

அவர் அங்கேயே குந்தி முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சாயங்காலம் நகராட்சி அதிகாரிகள் தெருவைப் பார்க்க வந்தபோது நேரே அவர்களிடம் போய்ச் சொன்னார்: "ஒடஞ்ச மரத்துக்கே கும்பிடு போடறவன்யா இவன். மத்தவன் கைல, உள்ள செத்துக் கெடக்கற எங்க ஆளுங்கள விட்றாதீங்க. இவனுக்கே குடுங்க."

எனக்குக் கொடுத்தார்கள்.

நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். பரவாயில்லை, கொஞ்சம்தான் மீதி.

அதன் பிறகு அவர் என்னிடம் வேலை கேட்டார். பள்ளி மைதானத்தில் இடிபாடுகளைக் கொட்டிக் கையால் பிரிக்கிற வேலை. புகைப்படங்கள், வீட்டில் வைத்துக் கும்பிடும் முன்னோர் பெயர்ப்பலகைகள், யாருடையதோ ஒரு செருப்பு, எல்லாவற்றையும் தனியே எடுத்து வைக்க வேண்டும். "அவளோட எலும்பு ஒண்ணாவது அம்புடாதா டெட்சு? ஒரு விரலு போதும். கல்லறைல வெறும் சீப்ப வெச்சா நல்லாவா இருக்கு?" என்றார். எப்படி மறுப்பது? சேர்த்துக்கொண்டேன். வடக்கு மூலையில் அவர் கடைத் தெருவின் குவியல் இருந்ததால் அவரைத் தெற்குப் பக்கம் போட்டேன். கோடை முழுக்க வேறு தெருக்களின் குவியல்களில் அவர் குனிந்து குனிந்து தேடினார். மதியம் சோற்று உருண்டையைப் பிட்டுப் பாதியை எனக்குத் தருவார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போதெல்லாம் சொல்லிவிடலாம் என்று நாக்கு வரை வரும். வாயைத் திறந்தால், "இன்னும் கொஞ்சம் டீ ஊத்தட்டுமாண்ணே?" என்றுதான் வரும். எனக்கு என்மேலேயே பரிதாபமாக இருக்கும்.

வடக்குக் குவியலை வேறு யார் பொறுப்பிலும் விடவில்லை. அரைக்கும் இயந்திரத்துக்கு நானேதான் கொண்டுபோனேன். பிறகு எரித்தார்கள். சாம்பல் மண்ணோடு கலந்து கடலோர மேட்டுக்குப் போனது. மேலே புல் வளர்ந்துவிட்டது. சட்டப்படி இதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியும். மறைத்தவன் நான், அழித்தவனும் நான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை.

அண்ணன் இன்னும் தேடுகிறார். அலை பெரிதாக அடித்த மறுநாள் கரையோரம் நடப்பார். சொல்லியிருக்கலாமே என்று உங்கள் முகம் கேட்கிறது. தேடுவதற்கு ஒன்று இருப்பதால்தான் அவர் காலையில் எழுந்திருக்கிறார். அதையும் பறித்துவிட்டு அந்த மனிதரை நான் என்ன செய்வது? அவருக்கு என்னை விட்டால் யாரும் இல்லை.

அவர் பேசுவதற்கு முன்னால் உங்களுக்கு இது தெரிந்திருப்பதுதான் நியாயம் என்று பட்டது, அதனால் சொன்னேன். அவரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், தாங்க மாட்டார். இப்போது அவரை உள்ளே கூப்பிடுங்கள். நான் எப்படிப்பட்டவன் என்று அவரையே கேளுங்கள். பொய் சொல்லத் தெரியாத மனிதர் அவர்.