மூலை இல்லாத வீடு

— நீதானே அக்கா அன்னிக்கு வாசல்ல நின்னுக்கிட்டு சொன்னே, 'எனக்கு ஒரு மூலை போதும்டா'ன்னு?

— சொன்னேன். புருஷனைப் பறிகொடுத்துட்டு தையல் மெஷினோட வந்து நிக்கிறவ பின்னே பங்களாவா கேப்பா? அதுக்கு நீ என்ன சொன்னேன்னும் என்ஜினியர் சாருக்குச் சொல்லு.

— 'ஹால் ஜன்னலோரம் மெஷினைப் போடுக்கா, வெளிச்சம் வரும்'னேன்.

— போட்டேன். பத்தொன்பது வருஷமாச்சு. அந்த மூலையில உன் மகனோட சைக்கிள், உன் பொண்டாட்டியோட இஸ்திரி மேஜை, அப்புறம் நான். மூணு பேரும் ஒத்துமையாத்தான் இருக்கோம்.

— அதை விடு. புது வீட்டு விஷயத்துக்கு வா. சார் போட்ட படத்தைப் பாரு.

— இது என்னடா, சட்டியைக் கவுத்து வச்சிருக்கு?

— டோம் வீடுக்கா. என் கனவு.

— டெக்னிக்கலா சொன்னா அரைக்கோளம், மேடம். புயலடிச்சாலும் காத்து வழுக்கிக்கிட்டுப் போயிடும்.

— சார், இந்தச் சமாச்சாரத்தை நான் முப்பது வருஷமா தைக்கிறேன். எங்க தொழில்ல இதுக்கு சைஸ் நம்பரே உண்டு. ஒண்ணுதான் கட்டுறீங்களா, ஜோடியாவா?

— அக்கா, சார் முன்னாடி...

— சாரே சிரிக்கிறாரு, நீ ஏன்டா தலையைக் குனியுறே?

— சத்தியமா உன்னைக் கூட்டிக்கிட்டு வந்திருக்கக் கூடாது. நான் லிஃப்ட் மெக்கானிக் அக்கா. விடிஞ்சா பெட்டி, அடைஞ்சா பெட்டி. ராத்திரி படுக்கிற வீடாவது பெட்டியா இருக்க வேணாமேன்னு பாத்தேன்.

— அதுக்குப் பந்துக்குள்ள போய்ப் படுக்கணுமா? பீரோவை எங்கடா சாத்துவே? காலண்டர் மாட்டினா சுவத்துல ஒட்டாம அந்தரத்துல தொங்கும்.

— டெக்னிக்கலா சொன்னா, வளைவுக்கு ஏத்த மாதிரி பீரோவே செஞ்சுக்கலாம், மேடம்.

— ஆக, பீரோவுக்கும் இவனை மாதிரி தொப்பை. பேஷ். உன் பொண்டாட்டி என்ன சொன்னா?

— மூலை இல்லேன்னா ஒட்டடை சேராதுன்னு சந்தோஷப்பட்டா.

— அவ ஒட்டடை அடிச்சதை நான் பாத்ததில்லை. அவ சந்தோஷத்தை நான் ஏன் கெடுக்கணும்?

— மேடம், இன்னிக்கு ரூமெல்லாம் முடிவு பண்ணிட்டா நாளைக்கே அஸ்திவாரத்துக்குக் கோடு போட்டுடலாம். அதுக்கப்புறம் எந்தச் சுவத்தையும் நகர்த்த முடியாது. தம்பிக்கு ஒண்ணு, பையனுக்கு ஒண்ணு ஆச்சு. உங்களுக்கு எங்க வேணும்?

— எனக்கென்ன சார், ஒரு மூலை போதும்.

— டெக்னிக்கலா சொன்னா, இதுல மூலையே கிடையாது, மேடம்.

— அட, ஆமா.

— சத்தியமா அதுக்குத்தான்க்கா இதைத் தேடிப் பிடிச்சேன். எதைக் கேட்டாலும் மூலை போதும், ஓரம் போதும், மிச்சம் இருந்தா போதும். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப் போச்சு. இனிமே நீ நினைச்சாலும் மூலையில போய் உட்கார முடியாது.

— அப்போ லிஃப்டு, பெட்டி, அந்தக் கதையெல்லாம்?

— அதுவும் நிஜம்தான். ஆனா அது பாதிதான்.

— திருட்டுப் பயலே.

— நடு ஹால் உனக்கு. உச்சியில வட்டமா கண்ணாடி. மெஷின் மேல நேரா வெளிச்சம் விழும்.

— நடு ஹால்ல நிக்க நான் என்ன சிலையா? போறவன் வர்றவனெல்லாம் என்னைச் சுத்திக்கிட்டுப் போகணுமா? சமாச்சாரம் அது இல்லடா. எனக்கு ரூம் வேணும்.

— ரூமா?

— கதவு வச்ச ரூம். உள்பக்கம் தாழ்ப்பாளோட.

— தாழ்ப்பாள் எதுக்குக்கா? உன் இடத்துக்கு யாரு வரப் போறா?

— நீ வருவே, கத்திரிக்கோல் எங்கேன்னு. உன் மகன் வருவான், பந்து உருண்டுச்சுன்னு. மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதே, கேக்குறப்பவே குடுத்துடு.

— குடுங்க சார், தெற்குப் பக்கம் குடுங்க. எங்க ரூமை நாங்க சின்னதாக்கிக்கிறோம்.

— போட்டுட்டேன். சுவர் வளையுறதால கட்டில் அளவு இப்பவே தெரியணும். சிங்கிள்தானே, மேடம்?

— சிங்கிள்தான் சார். அக்கா ஒருத்திக்கு வேற எதுக்கு? எழுதிக்கோங்க.

— எழுதாதீங்க சார்.

— ஏன்க்கா, தூக்கத்துல உருளுறியா?

— வாய் வரைக்கும் வந்து வந்து முழுங்கியிருக்கேன்டா. இன்னிக்கு விட்டா சுவர் எழும்பிடும். சிரிக்காம கேப்பியா?

— என்னக்கா? பயமுறுத்தாம சொல்லு.

— சார், டபுள்னு எழுதுங்க. டேய் தம்பி, பட்டன் கடைக்காரர் ஆறு வருஷமா என்னைக் கேட்டுக்கிட்டே இருக்காரு. நீ வீட்டைக் கட்டிக்கோ. நான் அவரைக் கட்டிக்கட்டுமா?