பூவுக்குக் கை இல்லை

"மாமா, பூவுக்குத்தான் கையே இல்லையே, அப்புறம் அது எப்படி இன்னொரு பூவைத் தொடும்?" என்று என் தங்கை மகள் ஒரு நாள் கேட்டாள். அப்போது அவள் சின்னப் பெண். சிட்டு என்றுதான் கூப்பிடுவோம். "நாமதான் அதுக்குக் கை" என்று சொன்னேன். சிறு வயதில் அவள் கைகளைப் பற்றி யாராவது ஏதாவது சொன்னதுண்டா என்று நீங்கள் கேட்டதும், டாக்டர், எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அதுதான். நல்ல வார்த்தையாகத்தான் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் வீட்டுப் பின்சுவரில் கடிகாரப் பூக்கொடி இரண்டு இருந்தன. ஒருமுறை நட்டால் வருடா வருடம் பூக்கும். ஊதா நிறத்தில் வட்டமாகக் கடிகார முகம், நடுவில் முட்களைப் போல மூன்று குமிழ்கள். ஒரு கொடியின் மகரந்தம் அதே கொடிக்கு உதவாது, பக்கத்துக் கொடியிலிருந்து வரவேண்டும். நடுப்பகலில் விரிந்து இருட்டுவதற்குள் மூடிக்கொள்ளும். அதற்குள் ஒன்றும் நடக்காவிட்டால் மஞ்சளாகி உதிர்ந்துவிடும்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தேன். லென்ஸில் தூசி தட்டும் மெல்லிய பிரஷ் ஒன்றை அவளுக்குக் கொடுத்தேன். மதியம் கடையை அடைத்துவிட்டு வருவேன். அவளும் பள்ளிவிட்டு வந்திருப்பாள். தூக்கிப் பிடிப்பேன். இந்தப் பூவில் தொட்டு அந்தப் பூவின் மூன்று குமிழிலும் தடவுவாள். "சாமி கும்பிடுற மாதிரி, மெதுவா" என்பேன். காய் பிடித்துவிட்டால் தெருவில் ஒருவரையும் விடாமல் இழுத்து வந்து காட்டுவாள்.

அவளுடைய அப்பா சொல்லாமல் கொள்ளாமல் போனவர். தங்கை தையல் கம்பெனியிலிருந்து சாயங்காலம்தான் திரும்புவாள். அந்த வீட்டைத் தாங்கி நின்றது நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. அடுத்தவருக்குச் செய்கிற சின்னச் சின்ன உதவிதான் கடவுளுக்குப் பிடித்த வழிபாடு என்று நம்புகிறவன் நான்.

பிறகு பின்வீட்டுக்கு ஒரு தேன்காரர் தன் தேனீப் பெட்டிகளோடு குடிவந்தார். வந்ததும் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "அண்ணே, இனிமே உங்க பிரஷ்ஷுக்கு லீவு குடுங்க. என் பிள்ளைங்க பார்த்துக்குவாங்க" என்றார். சிரித்த முகம். காரணமில்லாமல் சிரிக்கிறவர்களை நான் கொஞ்சம் தள்ளி நின்றே பார்ப்பேன்.

அவருடைய பிள்ளைகள் ஒன்றையும் பார்த்துக்கொள்ளவில்லை. தேனீக்கு அந்தப் பூ பெரிது. குமிழ்களைத் தொடாமலே அடியில் புகுந்து மகரந்தத்தை வழித்துக்கொண்டு போய்விடும். நாங்கள் பிரஷ்ஷோடு போகும்போது பூ துடைத்துவைத்த மாதிரி இருக்கும். அந்தப் பருவத்தில் காயே பிடிக்கவில்லை. உதவ வந்தது போல வந்து, இருப்பதை எடுத்துக்கொண்டு போவது. ஆளைப் புரிந்துகொள்ள எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

மற்றவையும் நடந்துகொண்டிருந்தன. சமையலறையில் தேன் பாட்டில் வந்தது. பின்சுவர்ப் பக்கம் காயப்போட்ட துணியை எடுக்கப் போன தங்கை திரும்ப நேரமாயிற்று. கழுவிக் கவிழ்த்த டம்ளர்களில் ஒன்று கூடுதலாக இருந்தது. "யார் வந்தது?" என்றேன். "காத்து வந்துச்சு. ஒரு டீ குடிச்சிட்டுப் போச்சு" என்றாள். என் தங்கை கேலி பேசிப் பல வருடமாகியிருந்தது.

பின்னொரு நாள் அவளே சொன்னாள். "அண்ணா, அவர் என்னைக் கேட்டிருக்கார். சிட்டுவையும் சேர்த்துத்தான் கேட்டிருக்கார். பக்கத்து ஊர்ல சொந்த வீடு இருக்காம், அங்க போயிடலாம்ங்கறார்."

"யோசிச்சுச் செய்" என்றேன்.

அந்த நாட்களில் சிட்டு, சுவர் ஓரமாக ஒரு தட்டில் தேனீக்களுக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைப்பாள். அவை மூழ்கிவிடாமல் உட்கார்ந்து குடிக்க நடுவில் கூழாங்கற்கள் போடுவாள். அவர் சொல்லிக்கொடுத்தது. அவளுக்கு அதைத் தொட்டு நக்கிப் பார்க்கிற பழக்கம் உண்டா என்று சில நாள் கவனித்தேன். இல்லை. எதையும் அவசரப்பட்டுச் செய்கிறவன் நானில்லை என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். பிறகு, எறும்புக்கு வாங்கி வைத்திருந்ததை அந்தத் தண்ணீரில் கலந்தேன்.

பெட்டிகள் ஓய்ந்தன. அவற்றின் அடியில் தரை கறுத்துக் கிடந்தது. தேன்காரர் குந்தி உட்கார்ந்து, செத்தவற்றைக் கையாலேயே வாரினார். துடைப்பத்தைத் தொடவில்லை. அப்புறம் எழுந்து வந்து தட்டை எடுத்து முகர்ந்தார். பக்கத்தில் நின்ற சிட்டுவைப் பார்த்தார். தண்ணீரை மண்ணில் கொட்டிவிட்டு, "நோய் வந்திருக்கு கண்ணு. இந்தப் பூச்சிங்களுக்கு அப்பப்ப வரும்" என்றார். குழந்தைக்காகப் பொய் சொன்னார். நல்ல மனிதர்தான், நான் மறுக்கவில்லை.

ஆனால் அவர் தட்டை முகர்ந்ததை அவள் பார்த்துவிட்டாள். சாயங்காலம் என்னிடம் வந்து, "மாமா, நான் வெச்ச தண்ணியாலயா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்லியிருக்கலாம். நான் அவளை மடியில் உட்காரவைத்தேன். "மாமா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். இது நமக்குள்ளயே இருக்கட்டும். நீ அவர் பக்கம் போகாதே, மூஞ்சியப் பார்த்தே கண்டுபிடிச்சிருவார்" என்றேன். குழந்தையின் தவற்றை மூடி மறைப்பது அன்பு. அப்போதும் அப்படித்தான் நினைத்தேன், இப்போதும் அப்படித்தான்.

அதன் பிறகு அவர் குரல் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். அந்த வீட்டுக்குப் போகப் போகிறோம் என்று தங்கை சொன்ன அன்று காய்ச்சல் வந்தது. "அங்க நான் எதையும் தொட மாட்டேன்மா, என்னை விட்டுடு" என்று அழுதாள். தங்கைக்கு ஒன்றும் புரியவில்லை. பெற்ற பிள்ளைக்கு வேண்டாததைத் தனக்கு வேண்டும் என்று சொல்லத் தெரியாதவள் அவள். தேன்காரர் சில மாதம் காத்திருந்தார். பிறகு காலிப் பெட்டிகளை வண்டியில் ஏற்றினார். கிளம்பும்போது என்னிடம், "தட்டை நான் நல்லா கழுவிட்டேண்ணே. பிள்ளைகிட்ட யாரும் எதுவும் கேக்க வேண்டாம்" என்றார். சொல்லிவிட்டு, தேவைக்குச் சற்று அதிகமாகவே என்னைப் பார்த்தார். அவர் சந்தேகப்பட்டது குழந்தையை என்றுதான் நம்புகிறேன்.

நாங்கள் மூவரும் பிரியாமல் இருந்தோம். ஒரு குடும்பத்துக்கு வேறென்ன வேண்டும்?

இப்போது சிட்டுவுக்கே குழந்தை பிறந்திருக்கிறது. தோல் உரியும்வரை கை கழுவுகிறாள், குழந்தைக்குப் பால் கலக்க மாட்டேன் என்கிறாள், அதைத் தொட்டுத் தூக்கவும் மாட்டேன் என்கிறாள். சற்று முன் கண்ணாடிக் கதவு வழியாக நீங்கள் எனக்குக் காட்டினீர்கள். தொட்டிலில் அது வீறிட்டு அழ, இவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். வெளியே வந்ததும் என்னிடம், "மாமா, உங்க ஒருத்தருக்குத்தான் தெரியும். நீங்க மட்டும் காட்டிக்குடுத்திருந்தா நான் என்ன ஆகியிருப்பேன்" என்றாள். கண்ணில் அவ்வளவு நன்றி.

உன் கையால் எதுவும் சாகவில்லை என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் அவள் குழந்தையைத் தூக்கிவிடுவாள் என்கிறீர்கள். உங்களுக்கு வயது போதாது, டாக்டர். அவள் முழுதாக நம்புகிற மனிதன் உலகத்தில் ஒருவன்தான். அவனையும் அவளிடமிருந்து நான் பறிக்க வேண்டுமா? அதைவிடக் கொடுமை உண்டா? நீங்களும் சொல்லிவிடாதீர்கள், கேட்டுக்கொள்கிறேன்.

என்னால் ஆனதைச் செய்துவிட்டேன். அவள் வீட்டு மாடியில் நான் பதியன் போட்டுக் கொடுத்த கொடிகள் இருக்கின்றன. நன்றாகப் பூக்கின்றன, அந்த உயரத்துக்கு ஒரு பூச்சியும் வருவதில்லை, காய் பிடிப்பதில்லை. நேற்று மதியம் அவள் குளியலறையில் கை கழுவிக்கொண்டிருந்தபோது, சட்டைப்பையிலிருந்து பழைய பிரஷ்ஷை எடுத்து ஒரு பூ விடாமல் தொட்டுவிட்டு வந்தேன். காய் பிடித்தால் தேனீக்கள் திரும்பி வந்துவிட்டன என்று நினைத்துக்கொள்வாள்; அவற்றால் இந்தப் பூ காய்க்காது என்று அவளுக்கு நான் சொன்னதில்லை. கடைசிப் பூவை முடித்தபோதும் உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. யாரும் பார்க்கவில்லை. அந்தத் தேனீக்களுக்கு நான் பட்டிருந்த கடன் அதோடு தீர்ந்தது. வேறு யாருக்கும் நான் எதுவும் தர வேண்டியதில்லை.